கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவது எப்படி?

கேள்வி இது: ஏழெட்டு வருடம் ஓடிய கார். கம்பெனி கொடுத்த ரேடியோவில் புளூடூத்கூடக் கிடையாது. தொடுதிரை உள்ள புது ஸ்டீரியோ, கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கர், முடிந்தால் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஒரு சின்ன சப்வூஃபர் போட ஆசை. வேலையை நானே செய்யலாமா, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நீங்களே செய்யலாம். ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் மாற்ற ஒரு முழு விடுமுறை நாள் போதும். ஆம்பும் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) சப்வூஃபரும் சேர்ந்தால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எல்லோருடைய கண்ணும் திரை மேல்தான் இருக்கிறது. ஒன்பது இன்ச்சா, பத்து இன்ச்சா, ரேம் எவ்வளவு என்று வாரக்கணக்கில் அலசுகிறவர்கள், அதற்குப் பின்னால் போகும் வயர்களை அரை மணி நேரத்தில் முறுக்கி, டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிடுகிறார்கள். பேட்டரி இறங்குவது, இரைச்சல், எஃப்எம் எடுக்காமல் போவது, ஃபியூஸ் போவது என்று பிறகு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த அரை மணி நேரத்தில் பிறந்தவை. அதனால் திரையைப் பற்றிக் கொஞ்சமாகவும், வயரையும் கதவையும் பற்றி நிறையவும் சொல்லப்போகிறேன்.

அளவை முதலில் முடித்துவிடலாம். கார் ரேடியோவுக்கு டின் என்று ஓர் அளவு உண்டு, ஜெர்மானியத் தரநிலையிலிருந்து வந்தது. ஒற்றை டின் என்றால் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இரட்டை டின் என்றால் அதே அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். ஒன்பது, பத்து இன்ச் திரைகள் இந்தக் குழிக்குள் போகாது. அவற்றுக்கு அந்தந்தக் காருக்கென்றே செய்த ஃப்ரேம் வேண்டும். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். எந்த வருடம், எந்த வேரியன்ட் என்பதையும் பாருங்கள், ஏனென்றால் ஒரே காரின் இரண்டு வேரியன்ட்டுக்கு வெவ்வேறு கப்ளர் (வயர்கள் சேரும் பிளக்) வருவது சகஜம். டேஷ்போர்டை அறுத்தால்தான் பொருந்தும் என்று யாராவது சொன்னால், அந்த ஃப்ரேம் உங்கள் காருக்கானது இல்லை என்று அர்த்தம்.

ஃப்ரேமோடு சேர்த்து, உங்கள் காருக்கான கப்ளர் ஹார்னஸையும் வாங்கிவிடுங்கள். இந்த வேலையிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிக நிம்மதி தருவது அதுதான். ஒரு முனை காரின் கப்ளரில் ஏறும், மறுமுனை புது ஸ்டீரியோவோடு சேரும். காரின் ஒரிஜினல் வயரில் கத்தி படவே படாது. நாளைக்குக் காரை விற்கும்போது பழைய ரேடியோவைத் திரும்ப மாட்டவும் பத்து நிமிடம்தான் ஆகும்.

டேஷ்போர்டில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எப்போதும் நெகட்டிவ்தான் முதலில். பாசிட்டிவ் முதலில் என்றால், ஸ்பேனர் தவறிப் பாடியைத் தொட்ட கணத்தில் முழு பேட்டரியும் ஷார்ட் ஆகும். திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் பழைய ரேடியோ கோட் கேட்கும், அதை முன்பே குறித்து வையுங்கள். கழற்றியவுடன் உள்ளே இறங்கிவிடாமல் பத்து நிமிடம் விடுங்கள். ஏர்பேக் கண்ட்ரோலரின் கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்க வேண்டும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட வயர்களோ மஞ்சள் கப்ளர்களோ தென்பட்டால் அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை. அவற்றில் மல்டிமீட்டர் முனையைக்கூட வைக்கக் கூடாது. மீட்டர் தரும் சின்ன மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்கச் செய்யலாம். இந்த ஒரு விஷயத்தில் துணிச்சல் காட்ட வேண்டாம்.

இனி வயர் நிறம். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களின் பக்கம் நிறங்களுக்கு ஒரு பொது வழக்கம் இருக்கிறது. மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வரும் வயர், நேரமும் ஸ்டேஷன்களும் நினைவில் நிற்பது இதனால். சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட், ஏசிசி என்பது இதைத்தான். கறுப்பு பாடி எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்பை ஆன் செய்ய. ஆரஞ்சு, ஹெட்லைட் போட்டால் திரை வெளிச்சத்தைக் குறைக்க. ஸ்பீக்கருக்கு, முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ்.

ஆனால் இது ஸ்டீரியோவின் பக்கம் மட்டும்தான். காரின் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்திருக்கிறது. சில ஐரோப்பியக் கார்களில், பொதுவான கப்ளர் அப்படியே பொருந்தினாலும், நிரந்தர மின்சாரமும் சாவி மின்சாரமும் இடம் மாறி வரும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் பேட்டரியை மாட்டிக்கொண்டு, கறுப்பு முனையைப் பாடியில் வைத்து, ஒவ்வொரு பின்னையும் சாவி இல்லாமல் ஒருமுறை, சாவி போட்டு ஒருமுறை பாருங்கள். எது எப்போதும் 12 காட்டுகிறது, எது சாவியோடு வந்து போகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது பேட்டரியைப் பலி கொடுத்துத்தான். என் முதல் காரில் ஸ்டீரியோ மாட்டிக் கொடுத்தவர், ஏசிசி வயரைத் தேடச் சிரமப்பட்டு, மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர மின்சாரத்தில் கொடுத்துவிட்டார். பாட்டு அருமையாகப் பாடியது. வெளியூர் போய் நான்காம் நாள் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ரிலே சத்தம் மட்டும்தான். பேட்டரி பழசாகிவிட்டது என்றார்கள், புதுசு போட்டேன். அடுத்த வாரமே அதுவும் படுத்தது. அப்புறம்தான் டேஷ்போர்டைத் திறந்து, அந்த முறுக்கலைக் கண்டேன். திரை அணைந்திருந்தாலும் ஸ்டீரியோவின் உள்ளே எல்லாமே விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

புதிய கார்கள் சிலவற்றில் ரேடியோ கப்ளரில் ஏசிசி வயரே இருக்காது. சாவி போட்ட செய்தி கேன் பஸ் என்ற டேட்டா வயர் வழியாக வரும். ஸ்டீயரிங்கில் உள்ள வால்யூம் பட்டன்களும் அதன் வழியாகவே பேசும். அந்தக் கார்களுக்கு ஹார்னஸோடு ஒரு சின்ன டீகோடர் பெட்டி வேண்டும். ஏசிசி கிடைக்கவில்லையே என்று சிகரெட் லைட்டரிலிருந்தோ ஃபியூஸ் பாக்ஸிலிருந்தோ இழுப்பதற்கு முன், உங்கள் காருக்கு டீகோடர் உண்டா என்று பாருங்கள்.

ஆன்டெனா விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரையில் குட்டையான ஆன்டெனாவோ சுறா துடுப்போ உள்ள கார்களில் பெரும்பாலும் அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். பழைய ரேடியோ அதைத் தானே கொடுத்துக்கொண்டிருந்தது. புது ஸ்டீரியோவில் நீல வயரை ஆன்டெனா அடாப்டரோடு சேர்க்காவிட்டால் எஃப்எம் கொரகொரக்கும், நீங்களும் ஸ்டீரியோ மட்டம் என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

வயரைச் சேர்ப்பது எப்படி? முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டுக்குள் அடிக்கும் சூட்டில் சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி வழியும். ஒரு வருடம் கழித்துத் திறந்து பாருங்கள், டேப் தானே அவிழ்ந்து பிசுபிசுவென்று தொங்கும். வயரை வெட்டாமலே கவ்விக் கடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் அதிர்வில் தளரும். சரியான அளவு கிரிம்ப் கனெக்டரைச் சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள், அழுத்திய பிறகு இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். சால்டர் செய்யத் தெரிந்தவர்கள் அதையே செய்து சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடலாம். இந்த இணைப்புகளை ஸ்டீரியோவை வெளியே மேஜையில் வைத்தே செய்து முடித்துவிடுங்கள். கடைசியில் வயர்க் கட்டு முழுவதையும் துணி டேப்பில் சுற்றினால் உள்ளே கடகடவென்று ஆடும் சத்தமும் வராது.

மற்ற சில்லறை வேலைகள் சுலபம். ஜிபிஎஸ் ஆன்டெனாவை டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்கு அடியில், வானம் பார்த்தபடி ஒட்டலாம். மேலே உலோகம் மட்டும் இருக்கக் கூடாது. மைக்கை ஏசி காற்று அடிக்காத இடத்தில், ஓட்டுநரின் முகத்துக்கு நேராக வையுங்கள். ரிவர்ஸ் கேமராவுக்கு ரிவர்ஸ் விளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். படம் துடித்தால் நடுவில் ஒரு ரிலே போடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் மட்டும் வீடியோ காட்டும் ஒரு பூட்டு ஸ்டீரியோவில் உண்டு. அதற்கான ஹேண்ட்பிரேக் வயரை நேரே எர்த்தில் கொடுத்து, ஓடும்போதே வீடியோ தெரியும்படி செய்துதருவதாகச் சொல்வார்கள். அந்தப் பூட்டு அங்கே இருப்பது உங்கள் உயிருக்காகவும் எதிரே வருகிறவரின் உயிருக்காகவும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி சத்தத்துக்கு வருவோம். பெட்டியில் 50 வாட் × 4 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட் வரை. அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடிய உச்சம், 14.4-ஐ வர்க்கமாக்கி, ஓமின் இரு மடங்கான 8-ஆல் வகுத்தால் வரும் 26 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதிலும் உள்ளே வீணாவது போக நிஜத்தில் கிடைப்பது 17 முதல் 22 வாட். தனி ஆம்ப் இல்லாத எந்தச் சாதாரண ஸ்டீரியோவுக்கும் இதுதான் எல்லை. ஆகவே பெட்டியின் வாட்டை வைத்து ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஸ்பீக்கர் வாங்கும்போதும் 300 வாட் மேக்ஸ் என்ற எழுத்தை விட்டுவிட்டு, ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் நிஜ வாட்) எவ்வளவு, சென்சிடிவிட்டி (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) எத்தனை டெசிபல் என்று பாருங்கள். தனி ஆம்ப் போடாதவர்களுக்குச் சென்சிடிவிட்டிதான் முக்கியம். மூன்று டெசிபல் கூடினால், ஆம்பின் வாட்டை இரண்டு மடங்கு ஆக்கியதற்குச் சமம்.

இன்னொன்று. இப்போதைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் மின்சாரம் ஓடுகிறது. நெகட்டிவ் என்று பெயர் இருந்தாலும் அது எர்த் இல்லை. அதைப் பாடியில் தொட்டால் உள்ளிருக்கும் ஆம்ப் சிப் தற்காப்புக்குத் தானே நின்றுவிடும், அல்லது புகைந்துவிடும். ஸ்பீக்கர் வயர்களில் எதையும் எர்த்தோடு சேர்க்காதீர்கள்.

கதவுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் கொஞ்சம் பொறுமையை வைத்தே இவ்வளவு பலன் கிடைப்பது வேறெங்கும் இல்லை. டோர் டிரிம்மைக் கழற்றியதும் ஒரு பிளாஸ்டிக் ஷீட் தெரியும், ஓரம் முழுக்கக் கறுப்புப் பிசின். அதைக் கிழிக்காமல் மெதுவாக உரித்தால், கதவின் உள் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். உங்கள் பழைய ஸ்பீக்கரின் பாஸ் (தாழ்ந்த ஒலி) எல்லாம் போனது அந்த ஓட்டைகளில்தான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்க அலை ஓட்டை வழியாக முன்னால் வந்து முன்பக்க அலையோடு கலந்தால், தாழ்ந்த சுரங்களில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். விரல் கணுவால் வெளித் தகட்டைத் தட்டுங்கள். டொங் என்று தகர டப்பா போல ஒலிக்கும். வெளித் தகட்டின் உட்புறம் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டி, ரோலரால் அழுத்தி, பெரிய ஓட்டைகளையும் அதே ஷீட்டால் மூடிவிட்டுத் திரும்பத் தட்டுங்கள். டொக் என்று அடங்கிய சத்தம் வரும். கதவு சாத்தும் சத்தமே மாறிவிடும். அதே பழைய ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டினால்கூடப் பாஸ் கூடியிருப்பது காதுக்குத் தெரியும்.

ஆனால் கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள். கண்ணாடியோரமாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அது அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறுகிறது. அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையில் வரும் வளையம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும், எம்டிஎஃப் பலகை என்றால் நன்றாகப் பெயிண்ட் அடித்து மாட்டுங்கள், ஈரத்தில் ஊதிவிடும். ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கி, ஆழம் எவ்வளவு மிச்சம் என்று அளந்துகொள்ளுங்கள். மாட்டிய பிறகு கண்ணாடி காந்தத்தில் இடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வயரின் பிளஸ் மைனஸ் தெரியவில்லை என்றால் ஸ்டீரியோ பக்கத்துக் கப்ளரைக் கழற்றிவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் அந்த வயரில் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்டதே ஸ்பீக்கரின் பிளஸ். இடதும் வலதும் எதிரெதிராக இருந்தால் பாஸ் காணாமல் போகும், பாடுகிறவர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

ஆம்பும் சப்வூஃபரும் போடுவதாக இருந்தால், விஷயம் கொஞ்சம் கனமாகிறது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு கேபிள் வர வேண்டும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப் 400 வாட் ஆர்எம்எஸ் தருகிறது என்றால், 80 சதவீதத் திறனில் அது உறிஞ்சுவது 500 வாட். 13.8 வோல்ட்டில் அது 36 ஆம்பியர். ஐந்து மீட்டர் கேபிளில் 8 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிக்கும்) செம்பு போட்டால் சுமார் 0.37 வோல்ட் வழியிலேயே போகும், 4 கேஜ் போட்டால் 0.15 வோல்ட். 4 கேஜ் போடுங்கள். தடியாக, மலிவாக இருக்கும் கேபிளைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் எதிர்ப்பு இருக்கும்.

ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே, 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பாற்ற இல்லை, கேபிளைக் காப்பாற்ற. எஞ்சின் அறைத் தகட்டின் ஓட்டை வழியாகக் கேபிள் வரும்போது ரப்பர் கிராமெட் (ஓட்டையின் விளிம்பில் பொருந்தும் வளையம்) இல்லாவிட்டால், தகட்டின் விளிம்பு இன்சுலேஷனை நாளாவட்டத்தில் அறுக்கும். அந்த நாளில் நடுவில் ஃபியூஸ் இல்லையென்றால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்தக் கேபிளில் கொட்டும். கார் தீப்பிடிப்பதற்கு அது போதும்.

அடுத்து எர்த். என் இரண்டாவது காரில் ஆம்ப் மாட்டிய அன்று, எஞ்சினைக் கிளப்பியதும் ஸ்பீக்கரில் மெல்லிய ஙொய்ங் சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறியது, விட்டால் இறங்கியது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல். ஃபில்டர் வாங்கிப் போட்டேன், கொஞ்சம் குறைந்ததே தவிர போகவில்லை. ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ஆம்பில் பிடுங்கினேன், சத்தம் நின்றது. திரும்பச் செருகினேன், வந்தது. ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால், பாட்டு ஓடும்போது அரை வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்டியது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். ரிங் டெர்மினலுக்கு அடியில் காரின் பெயிண்ட் அப்படியே பளபளத்தது. வாஷரின் பற்கள் கீறிய இரண்டு மெல்லிய கோடுகளில் மட்டும் உலோகம் தெரிந்தது. முழு ஆம்பின் மின்சாரமும் அந்த இரண்டு கீறல் வழியாகத் திரும்ப முயன்று, முடியாமல், ஆர்சிஏ கேபிளின் உறை வழியாக ஸ்டீரியோவுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாளால் ஒரு நாணய அளவுக்குப் பெயிண்ட்டைத் தேய்த்து, உலோகம் வெள்ளையாகத் தெரிந்த பிறகு இறுக்கி, மேலே துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவினேன். சத்தம் போயே போய்விட்டது.

ஆகவே எர்த் கேபிள் பாசிட்டிவ் கேபிளின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள், சுரண்டிய உலோகத்தில் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அது சரியான இறுக்கத்தில் இருக்க வேண்டிய உயிர் காக்கும் போல்ட். பவர் கேபிள் காரின் ஒரு பக்கமாகவும் ஆர்சிஏ மறுபக்கமாகவும் வரட்டும்.

ஆம்பில் இருக்கும் கெயின் குமிழ் வால்யூம் குமிழ் இல்லை, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று சரிசெய்வது. ஸ்டீரியோவில் பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்து, வால்யூமை முக்கால் பங்குக்கு வைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஆம்பின் அவுட்புட்டில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். வேண்டிய வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் இலக்கு. 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கருக்கு 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, அந்த எண் வரும்வரை மட்டும் திருப்புங்கள். மலிவு மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டுவதில்லை. கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம்: அதற்குக் கீழே சப்வூஃபர், மேலே கதவு. கதவு ஸ்பீக்கர்களிலிருந்து தாழ்ந்த சுரங்களை எடுத்துவிட்டாலே குரல் எவ்வளவு தெளிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

டிரிம்மை மூடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்: நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாக, எஃப்எம், கேமரா, ஸ்டீயரிங் பட்டன், ஹஸார்டு விளக்கு, ஏசி சுவிட்ச். ஏர்பேக் விளக்கு அணைகிறதா என்றும் பாருங்கள். மூடிய பிறகு கடைசியாக ஒரு சோதனை. சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அதற்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் மாட்டுங்கள். முதலில் எண் ஏறி இறங்கும். காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை கதவைத் திறக்காதீர்கள், சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எண் 50 மில்லியாம்பியருக்குக் கீழே வந்து நின்றால் மீட்டரை எடுத்துவிட்டு நெகட்டிவை மாட்டிக்கொள்ளலாம். 200, 300 என்றே நின்றால் முதலில் ஸ்டீரியோவின் மஞ்சள் வயர் ஃபியூஸை உருவிப் பாருங்கள். எண் சட்டென்று விழுந்தால், பெரும்பாலும் சிவப்பு வயர் தவறான இடத்தில் இருக்கிறது.